உள்ளே பூட்ட முடியாத அறை

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: யாராவது என்னைத் தேடி வந்தால் நான் இங்கே இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

சொல்வதற்கு வாய்ப்பு இருந்தது. சாவியைக் கொடுக்கும்போது, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜெருஷாவே கேட்டாள்.

“உங்களப் பாக்க யாராவது வருவாங்களா மேடம்? பேரு சொல்லிட்டீங்கன்னா கீழ நிக்க வைக்காம மேல அனுப்பிடுவேன்.”

“யாரும் வர மாட்டாங்க.”

“மொழிபெயர்ப்பு வேலைன்னு அமலன் சார் சொன்னார். சத்தம் இருக்காது, நல்லா எழுதலாம்.”

மொழிபெயர்ப்பு என்பது அமலன் சொன்ன பொய். நான் அதைத் திருத்தவில்லை. அவனுடைய அலுவலகம் வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவருக்காக இந்த வீட்டை எடுத்து வைத்திருந்தது. அவர் வரவில்லை, நான் வந்திருக்கிறேன். நானும் அமலனும் கல்யாணத்துக்குக் கொடுத்த நோட்டீஸ் பதிவாளர் அலுவலகத்துப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. யாரும் வந்து ஆட்சேபம் சொல்லலாம், அதற்கு முப்பது நாள். அவன் கிறிஸ்தவன், நான் இந்து. கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு அன்றே முடித்துவிட எங்களுக்கு வழியில்லை. அந்த நாட்கள் முடியும்வரை இருவரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டார் பெண்கள் விடுதிகளில் தேடுவார்கள், சிநேகிதிகளின் வீடுகளில் தேடுவார்கள். இப்படி ஒரு கட்டடம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

பாரிமுனைக்குப் பக்கத்தில், தெரு திரும்பும் மூலையில், கப்பலின் முகப்பு மாதிரி வளைந்து நிற்கிறது. வட்ட ஜன்னல்கள். உச்சியில் படிப்படியாகக் குறுகும் கோபுரத்தில் ஓடாத கடிகாரம். எண்பது, தொண்ணூறு வருடங்களுக்கு முன் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி கட்டியதாம். மொசைக் தரையில் உதிக்கும் சூரியன். மேல் மாடியை இப்போது மூன்று வீடுகளாகப் பிரித்து வாடகைக்கு விடுகிறார்கள். ஒரு மாதமாக மற்ற இரண்டும் காலி.

படுக்கையறைதான் விநோதம். அது கம்பெனியின் பெட்டக அறை. ஒரு முழம் கனத்துக்கு இரும்புக் கதவு, கப்பலின் சுக்கான் சக்கரம் போல ஒரு பிடி. உள்ளே வெள்ளைப் படுக்கை, புத்தக அலமாரி, ஏசி.

“ஒரு ஜெர்மன்காரர் தங்கினார் மேடம். ‘வாழ்க்கையிலயே இவ்வளவு பத்திரமாத் தூங்கினதில்ல’ன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனார்.”

“உள்ளேருந்து எப்படிப் பூட்டறது?”

“முடியாது மேடம். பூட்டு வெளியில மட்டும்தான்.”

நியாயம்தான். பெட்டகத்தில் இருப்பவை தம்மைத் தாமே பூட்டிக்கொள்வதில்லை.

கதவிடுக்கில் ஒரு அகராதியை வைத்துவிட்டுப் படுக்கிறேன். அது மூடிக்கொள்ளக் கூடாது.

ஆகஸ்ட் 6, புதன்

கட்டடத்தின் நடுவில் கீழிருந்து கூரைவரை திறந்த ஒரு வெளி. வெளிச்சத்துக்காக விட்டது, மேலே கண்ணாடி. என் கூடத்தின் ஜன்னல் அதைப் பார்த்துத்தான் திறக்கிறது. கீழே வாசலருகே யார் பேசினாலும் இங்கே காதுக்குள் பேசுவது போலக் கேட்கிறது. காலையில் ஜெருஷா தண்ணீர் கேன்காரரிடம் தன் நாத்தனாரைப் பற்றிச் சொன்னது முழுக்கக் கேட்டது. மாலையில் அவளிடம் சொன்னேன்.

“ஐயோ, கேட்டுச்சா? இந்த பில்டிங்ல ரகசியம் பேசணும்னா ரோட்டுக்குத்தான் போகணும் மேடம். மெதுவாப் பேசினா இன்னும் நல்லாக் கேக்கும்.”

அது எனக்கு ஆறுதலாக இருந்தது. வருபவர்களை நான் முன்கூட்டியே கேட்டுவிடலாம்.

அம்மா கூப்பிட்டாள். வீட்டில் இந்த எண் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அது அவளிடம் இருப்பது வக்கீலுக்கும் அமலனுக்கும் தெரியாது. நல்லவேளை, அண்ணன் வேலைக்குப் போயிருக்கும் நேரம்.

“கோமதி, சாப்ட்டியா?”

“சாப்ட்டேன். நீ?”

“உனக்குப் பிடிக்குமேன்னு பாகற்காய் வத்தல் போட்டுக் காய வச்சிருக்கேன். நீ வந்து சாப்பிடணும். எங்க இருக்கே?”

“பத்திரமா இருக்கேம்மா.”

நான் பாகற்காய் சாப்பிட்டதே இல்லை. ஏழு வயதில் ஒருமுறை வாயில் திணித்தபோது பாயெல்லாம் வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு என் தட்டில் அம்மா அதை வைத்ததில்லை. வயதாகிறது, மறந்துபோகிறாள். என்னைக் கோமு என்று கூப்பிடவும் மறந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 9, சனி

துணி துவைத்தேன். ரசம் வைத்தேன். வெளியே போகவில்லை.

ஒளிந்திருப்பவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். யாருமே அவர்களுக்கு எவ்வளவு தூக்கம் வரும் என்று எழுதவில்லை. பயம் ஒரு வேலை. நாள் முழுக்கச் செய்துவிட்டு உடம்பு அடித்துப்போட்டது போல ஆகிவிடுகிறது.

லிஃப்டின் இரும்புக் கதவு சாத்தப்படும் ஒவ்வொரு தடவையும் அடுப்பை அணைத்துவிடுகிறேன். ஏன் அடுப்பை என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

நோட்டீஸை யாரோ படமெடுத்து எங்கள் ஊர்க்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார்களாம். வக்கீல் சொன்னார். போலீஸ் பாதுகாப்புக்கு மனுப் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மனுப் போட்டால் நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று நானே சொன்னதாகிவிடும். “வீட்டோட ஏதாவது தொடர்பு இருக்கா?” என்றார். இல்லை என்றேன்.

அம்மாவைத் தொடர்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மத்தியானம் கூப்பிட்டாள். குரல் ஏதோ பெரிய பாத்திரத்துக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. அங்கே சிக்னல் அப்படி.

“கோமதி, மாடி ரூம்ல உன் கட்டில ஜன்னலோரமா இழுத்துப் போட்டிருக்கேன். நல்லாக் காத்து வருது. நீ வந்து நிம்மதியாப் படுத்துத் தூங்கலாம்.”

அந்த ஜன்னலை அண்ணன் ஜூன் மாதம் செங்கல் வைத்து அடைத்தான். அந்த மாதம் முழுவதும் நான் அந்த அறையில்தான் இருந்தேன். எனக்கு நன்றாகத் தெரியும். இப்போது இடித்துத் திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. அப்படியானால் வீட்டில் கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

போய்விடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அமலனிடம் சொல்லவில்லை. ஒரு நிமிடம்தான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஒரு நிமிடம் இல்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையிலிருந்து கோபுரத்தில் ஆட்கள். கடிகாரத்தைப் பழுது பார்க்கிறார்கள். இருபது வருடத்துக்கு மேல் நின்றுகிடந்ததாம். ஜெருஷா கீழுக்கும் மேலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். கல்யாண வீட்டுப் பெண் மாதிரி இருந்தது அவள் முகம்.

அம்மா பேசிக்கொண்டிருக்கும்போது அது முதல்முறையாக அடித்தது. வெண்கலக் குரல் இல்லை. எங்கோ கீறல் விழுந்த மணி. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ஒரு கரகரப்பு இழுக்கிறது. சுவர் அதிர்ந்தது. பன்னிரண்டு அடி.

அந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. பயங்கர இருமல். மணி அடித்து ஓயும்வரை விடாமல் இருமினாள். நடுவில் ஏதோ தட்டி விழும் சத்தம்.

“என்னம்மா, உடம்பு சரியில்லையா?”

“ஒண்ணுமில்ல. தூசி. வச்சிடறேன்.”

அம்மாவுக்கு ஒருநாளும் இருமல் வந்து நான் பார்த்ததில்லை. கற்பூரவல்லிச் சாறு குடிக்கச் சொல்ல மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

“நம்ம மணி பேப்பர்ல வந்துடுச்சு மேடம்.”

உள்ளூர்ப் பக்கத்தில் கால் பக்கம். கோபுரத்தின் படம், கீழே சிரிக்கும் ஜெருஷா. கீறல் விழுந்த மணியை அப்படியே விட்டுவிட்டார்கள், அந்தக் குரல்தான் அதன் அடையாளம் என்று எழுதியிருந்தது. தொலைக்காட்சியிலும் ஒரு நிமிடம் காட்டினார்களாம், மணி அடிக்கும் ஓசையோடு.

“நல்லா வந்திருக்கு” என்றேன். செய்தித்தாளைத் திருப்பிக் கொடுத்தபோது என் விரல் ஈரம் அதில் பதிந்திருந்தது.

“கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு? சாப்பிடறதே இல்லையா நீங்க? நாளைக்கு வீட்லேருந்து மீன் குழம்பு கொண்டுவரேன்.”

இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் அவள் முதலில் பயப்படுவாள். பிறகு பரிதாபப்படுவாள். அதற்குப் பிறகு அந்த மீன் குழம்பை நான் எந்த முகத்தோடு சாப்பிடுவது? “காரம் கம்மியாப் போடுங்க” என்று மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஜெருஷாவின் வீட்டில், ராயபுரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் நான் இங்கே இருக்கிறேன் என்று நம்ப முடியும் போலிருக்கிறது.

மூன்று மணி அடித்துச் சற்று நேரம் இருக்கும். கூடத்து ஜன்னல் வழியாகக் கீழேயிருந்து குரல் வந்தது.

“வணக்கம்மா. இங்க கோமதின்னு ஒரு பொண்ணு தங்கியிருக்கா. நான் அவ தாய்மாமன்.”

மாமாவின் குரல். அம்மாவின் தம்பி. சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போனவர். எங்கள் வீட்டில் சண்டை முற்றினால் சமாதானத்துக்கு அனுப்புவது எப்போதும் அவரைத்தான்.

“ஆமா சார், மேலதான் இருக்காங்க” என்றாள் ஜெருஷா. அவளுக்கு என்ன தெரியும். “போன் பண்ணிச் சொல்லட்டுமா?”

“போன்ல சொல்ற விஷயம் இல்லம்மா. அவ அம்மா நேத்து ராத்திரி ஆஸ்பத்திரில சேர்ந்தா. இருமல், இருமல்னு ஒரு வாரமாக் கெடந்தா. இப்ப நெஞ்சுல சளி கட்டி மோசமாயிருச்சு. மகளப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்கா. நீங்க பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. இந்தப் பையக் குடுங்க. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறதுக்கு முந்தி, ‘எம் மகளுக்குப் பிடிச்சது’ன்னு அவளே கையால கட்டி வச்சா.”

அந்த இருமலை நான் என் காதால் கேட்டிருந்தேன். கேட்டும் கற்பூரவல்லி சொல்ல மறந்தவள் நான். ஜெருஷா லிஃப்டில் ஏறி வருவதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு, இரண்டு உடைகளைப் பையில் திணித்துவிட்டேன். அமலனுக்கு என்ன எழுதுவது என்று மட்டும் தெரியவில்லை.

ஜெருஷாவின் கண் கலங்கியிருந்தது. “அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது. நான் ஜெபம் பண்றேன். முதல்ல தண்ணி குடிங்க.”

அவள் தண்ணீர் எடுக்கப் போனபோது பையைத் திறந்தேன். எங்கள் வீட்டு எவர்சில்வர் டப்பா, மூடி சப்பையானது. உள்ளே, கழுத்துவரை, பாகற்காய் வத்தல்.

கசப்பு வாடை மூக்கில் ஏறியது. அப்படியே கூடத்துத் தரையில், அந்த மொசைக் சூரியனின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீட்டு ஆண்களுக்குச் சாப்பாடு தட்டில் வந்துவிடும். யார் எதை ஒதுக்குகிறார்கள், யாருக்கு எது ஆகாது என்று அவர்கள் பார்த்ததே இல்லை. பிடித்ததைக் கட்டிக் கொடு, நம்பி வருவாள் என்று அண்ணன் சொல்லியிருப்பான். அம்மா அவன் கண்ணெதிரே இதைக் கட்டியிருக்கிறாள். அவன் பையைத் தூக்கிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டியிருப்பான்.

முதல் அழைப்பிலிருந்தே அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். குரல் பாத்திரத்துக்குள்ளிருந்து வந்தது சிக்னலால் இல்லை, ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள். வா, வா என்று அவன் சொல்லச் சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டு, கூடவே வராதே என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். செங்கல் வைத்த ஜன்னலிலிருந்து காற்று வருகிறது என்றாள். மணி அடித்தபோது அவன் காதில் விழாமல் இருக்கத் தொண்டை கிழிய இருமினாள். அதையும் மீறி விழுந்த கீறல் ஓசையைத்தான் அவன் தொலைக்காட்சியில் மறுபடி கேட்டு இடத்தைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அம்மா சொன்னதையெல்லாம் நான் வயதாகிறது என்று எழுதி வைத்தேன்.

ஜெருஷா தண்ணீரோடு நின்றாள். முதல் நாள் சொல்லாத வாக்கியத்தை இப்போது சொன்னேன். “யாராவது தேடி வந்தா நான் இங்க இல்லைன்னு சொல்லுங்க.”

அவளுக்குப் புரியவில்லை. “அம்மா சீரியஸா இருக்காங்க மேடம்...”

அப்போது கீழேயிருந்து மாமாவின் குரல் மறுபடி வந்தது. இந்த முறை குசுகுசுவென்று. அவருக்கு இந்தக் கட்டடத்தைத் தெரியாது. சுவரோரமாக நின்று, வாயைக் கையால் மூடிக்கொண்டு போனில் பேசியிருக்க வேண்டும்.

“மேலதான் இருக்கா. உள்ள ஆள் கெடையாது, ஒரு பொம்பளதான். வண்டிய வாசல்லயே நிறுத்திட்டு நீங்க ரெண்டு பேரும் ஏறி வாங்க. அழுதுக்கிட்டு வருவா, ஒருத்தனும் கேக்க மாட்டான். ஊர் தாண்டினப்புறம் போனப் பிடுங்கிக்கலாம்.”

ஒவ்வொரு சொல்லும் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து விழுந்தது. தேர் காட்டிய மாமா.

ஜெருஷாவின் முகம் வெளுத்துப்போனது. தம்ளரை வைத்தாள். சுற்றிலும் பார்த்தாள். இறங்க ஒரே படி, ஒரே லிஃப்ட். இரண்டும் மாமா நிற்கும் இடத்தில் போய் முடிகின்றன.

“ஸ்ட்ராங் ரூமுக்குள்ள போங்க.”

“அது உள்ளேருந்து பூட்டாது.”

“நான் வெளியிலேருந்து பூட்டறேன்.”

ஜூன் மாதம் எனக்கு உள்ளுக்குள்ளிருந்து எழுந்தது. தாழ்ப்பாள் விழும் ஓசை, கதவின் அடியில் தள்ளப்படும் தட்டு. முடியாது என்று தலையாட்டினேன். படியில் செருப்புச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

ஜெருஷா என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பினாள். “இங்க பாரு கோமதி. நான் தொறப்பேன். என்ன ஆனாலும் நான் வந்து தொறப்பேன். ஏசி ஓடுது, காத்து இருக்கும். போ.”

கதவிடுக்கிலிருந்த அகராதியை நானே குனிந்து எடுத்தேன். டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனேன். கதவு மூடியது.

இத்தனை நாள் நான் காதால் உயிர் வாழ்ந்தேன். உள்ளே ஒன்றுமே கேட்கவில்லை. விளக்கைப் போட்டால் விளிம்பில் வெளிச்சம் கசியுமோ என்று இருட்டில் உட்கார்ந்தேன். ஏசியின் சின்னப் பச்சைப் புள்ளி மட்டும். யார் வந்தார்கள், ஜெருஷாவை என்ன செய்தார்கள், அவளிடமிருந்து சாவியை வாங்கிவிட்டார்களா, எதுவும் தெரியாது.

பிறகு கதவின் உட்பக்கம், சுக்கானின் அச்சு நுழையும் இடத்தில், அந்தப் பச்சை வெளிச்சத்தில் ஏதோ அசைந்தது. அச்சு மெதுவாகக் கால் சுற்று திரும்பியது. நின்றது. திரும்பித் தன் இடத்துக்கே வந்தது. இன்னொரு முறை, வேகமாக.

யாருடைய கை என்று எனக்குத் தெரிந்தது. எதையும் இரண்டாம் முறை பலமாக இழுத்துப் பார்க்கும் கை அது.

சுவருக்குள் நான்கு அதிர்வுகள் வந்தன. மணி. ஓசை இல்லாமல், முதுகெலும்பில் மட்டும். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. கதவு திறந்தபோது கண் கூசியது. நிற்பவர் யார் என்று தெரியாமல் டப்பாவை ஓங்கிக்கொண்டு நின்றேன்.

“நான்தான். நான்தான்.”

ஜெருஷா சுவரோடு சாய்ந்து வழுக்கி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள், அழுகையும் கலந்து.

“‘இப்பத்தான் வெளிய போனாங்க, நீங்க பாக்கலையா’ன்னேன். நம்பல. மூணு பேரும் பாத்ரூம், அலமாரி, சோபாவுக்குப் பின்னாலன்னு தேடினாங்க. உங்க அண்ணன் இந்தக் கதவுகிட்ட வந்து ‘இது என்ன’ன்னார். எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. வர்ற கெஸ்ட்டுக்கெல்லாம் சொல்வேன்ல, அதையே ஆரம்பிச்சுட்டேன். ‘இது இன்சூரன்ஸ் கம்பெனியோட பெட்டகம் சார், கதவு மட்டும் முக்கால் டன், கப்பல்ல வந்தது, சாவி தொலைஞ்சு பல வருஷமாச்சு’ன்னு. நிறுத்தினா அழுதுடுவேன்னு மொசைக் தரை, வட்ட ஜன்னல், எல்லாத்தையும் சொன்னேன். உங்க மாமா கொட்டாவி விட்டார். நிஜமா.”

“அண்ணன்?”

“ரெண்டு தடவ திருப்பிப் பார்த்தார். அப்புறம் ‘வக்கீல் வீட்டுக்குப் போயிருப்பா’ன்னு எறங்கிட்டாங்க.”

அவள் சாவியை இடுப்பில் செருகியிருந்தாள். எடுக்கும்போது அதன் அச்சு தோலில் சிவப்பாகப் பதிந்திருந்தது.

வக்கீலுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அமலனுக்கும். அம்மாவின் அழைப்புகளைப் பற்றியும் அவனிடம் சொன்னேன். “வத்தலைத் தூக்கிப் போட்டுடாத” என்று மட்டும் சொன்னான்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பாதுகாப்புக்கு மனுப் போட்டாயிற்று.

அம்மா ஆஸ்பத்திரியில் இல்லை. வக்கீல் விசாரித்தார். வீட்டில்தான் இருக்கிறாள் என்கிறார்கள். வீட்டில் எந்த அறையில் என்று யாருக்கும் தெரியவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

ஜெருஷாவின் மாமியார் என்னை ஒன்றும் கேட்பதில்லை. மீன் சுத்தம் செய்ய மட்டும் கற்றுக்கொடுக்கப் பார்க்கிறார், எனக்கு வரவில்லை. “படிச்ச கை” என்று சிரித்தார்.

வத்தலில் நான்கைந்தை எண்ணெயில் பொரித்து, தயிர் சாதத்தோடு சாப்பிட்டேன். வாந்தி வரவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

புதன்கிழமை எங்கள் திருமணம் பதிவானது. வாசலில் இரண்டு பெண் காவலர்கள் நின்றார்கள். யாரும் வரவில்லை. ஜெருஷா சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

இன்று வக்கீலின் அலுவலகத்திலிருந்து அம்மாவின் எண்ணுக்குக் கூப்பிட்டேன். அண்ணன் எடுத்தான். “யாரு?” என்றான். “யாரு?” என்று மறுபடி கேட்டான்.

அவனுக்குப் பின்னால், மூடிய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, யாரோ இருமினார்கள். அவன் போனை வைக்கும்வரை அந்த இருமல் நிற்கவில்லை.